அல்பொன்சாக்காவின் அரைக் கிளாஸ்

கண்டக்குழியில் யாருக்காவது வெளியூரில் கலியாணம் என்றால், பங்குச் சுவாமிக்கு முன்னமே அல்பொன்சாக்காவுக்குத் தகவல் போய்விடும். கலியாணத்துக்குப் போகிறவர்கள் எப்படிப் புறப்பட வேண்டும், அங்கே எப்படி இருக்க வேண்டும், எந்த முகத்தோடு திரும்பி வர வேண்டும் என்று சொல்லித்தர எங்கள் கரையில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய முடிவு. நாங்களும் அதை ஏற்றுக்கொண்டிருந்தோம். அவர் பிரான்சுக்குப் போய் ஒரு கலியாணம் பார்த்துவிட்டு வந்தவர். நாங்களோ மதுரங்குளிச் சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலே இரண்டு நாளைக்கு அதைக் கதைக்கிறவர்கள்.

அவர் போன கதை சுருக்கமானது. கொழும்பில், தேங்காய்த் தும்பு ஏற்றுமதி செய்த ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தார். துரைசாணியின் தம்பிக்குக் கலியாணம் வந்தது. சின்னப் பிள்ளைகளைக் கப்பலில் தனியே சமாளிக்க முடியாது என்று துரைசாணி அல்பொன்சாக்காவையும் கூட்டிப்போனார். போன இடம் பொர்தோப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டு வாசலை விட்டு இறங்கினால், வைன் பிழிகிற முந்திரிகைத் தோட்டம்தானாம். பூசைக்கு வரும் வைன் பெட்டியில் பொர்தோ என்ற பெயர் இருந்ததால், எங்கள் ஊர் அதை உரோமாபுரிக்கு அடுத்த திருத்தலம் என்றே நம்பியது. அங்கே கால் வைத்தவர் சொல்லுக்கு யார் மறுப்புச் சொல்வது?

திரும்பி வந்த வருசம் அவருடைய தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். தங்கையின் மகன் யோசேப்பை வளர்க்க ஆளில்லை. தகப்பன் இன்னாசித்தம்பி நல்ல கடலோடி, ஆனால் கரையில் நிற்கும் நேரத்தில் அவரையே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அல்பொன்சாக்கா கொழும்பு வேலையை விட்டுவிட்டுக் கண்டக்குழியோடு இருந்துவிட்டார். தானும் கலியாணம் கட்டவில்லை. மற்றவர்களுடைய கலியாணங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டு, யோசேப்பை வளர்த்தார்.

அவருடைய யோசனைகளை நாங்கள் மந்திரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தோம். முதலாவது, சப்பாத்து. முந்திரிகைத் தோட்டத்து மண் மழை பெய்தால் அப்பிக்கொள்ளும், ஆகவே பழைய சப்பாத்தோடு நடந்துபோய், நல்ல சப்பாத்தைக் கோயில் வாசலில்தான் மாட்ட வேண்டும். கண்டக்குழியில் மழை பெய்தாலும் மணல்தான், அது ஒட்டுவதும் இல்லை. பாதிப் பேரிடம் சப்பாத்தும் இல்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அடுத்தது, கோயிலுக்குள் குளிரும். வெயில் காலமானாலும் கல்லுக் கோயிலுக்குள் நுழைந்தால் எலும்பு நடுங்கும், கம்பளிச் சால்வை கட்டாயம் வேண்டும். சித்திரை மாதத்துச் சிலாபத்திலும் அவர் அந்தச் சாம்பல் நிறச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக முழங்காலில் நிற்பார். வழியோரத்தில் பழம் தொங்கினாலும் கை வைக்கக் கூடாது, அது யாரோ ஒருவருடைய வருசத்து உழைப்பு. இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்கள், பயந்து பின்னுக்குப் போகக் கூடாது. இந்த யோசனையை மட்டும் அவர் ஆம்பிளைகளுக்குச் சொல்வதில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று இருந்தது. முதலில் வருகிற சூப்பைக் கண்டு வயிற்றை நிரப்பிவிடக் கூடாது. பின்னால் மீன் வரும், கோழி வரும், ஆட்டிறைச்சி வரும், ஒவ்வொன்றாக வரும், பொறுத்திருக்க வேண்டும். இதை நம்பி இன்னாசித்தம்பியர் ஒருமுறை கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் கொஞ்சமாகச் சோறு போட்டுக்கொண்டு அடுத்த பதார்த்தத்துக்காகக் காத்திருந்தார். பீங்கானைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மச்சாள் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டுவார், ஆனால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்படுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு யோசனை இருந்தது. வைன் ஊற்றித் தந்தால் பாதிக் கிளாசுக்கு மேல் குடிக்கக் கூடாது. மிச்சம் கிளாசில் இருக்க வேண்டும். கிளாஸ் வெறுமையானால் பின்னால் நிற்கிறவன் நிரப்புவான். திரும்ப வெறுமையானால் திரும்ப நிரப்புவான். "அவையளுக்கு வெறும் கிளாஸ் எண்டா இன்னும் வேணும் எண்டு அர்த்தம்" என்பார். ஏன் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசேப்புக்குச் சிலாபத்துக்குப் பக்கத்தில் பெண் சரிவந்தது. பெண்ணின் பெயர் இசபெல். தகப்பன் அன்ரனிப்பிள்ளை கோயில் மூப்பர், கொஞ்சத் தென்னங்காணியும் ஒரு தும்புப் பட்டடையும் உள்ளவர். வலைக்காரனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. திருவிழாவில் யோசேப்பைக் கண்ட மகள் பிடிவாதமாக நின்றதால்தான் ஒத்துக்கொண்டார். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் போனோம். அல்பொன்சாக்கா அன்று வயிற்றுக் கோளாறால் வரவில்லை. அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. இன்னாசித்தம்பியர் கள்ளைக் குடித்துவிட்டு, அன்ரனிப்பிள்ளையரின் தென்னைமரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துச் சம்பந்தி, சம்பந்தி என்று அழுது, அதன் அடியிலேயே விழுந்து படுத்துவிட்டார்.

அன்ரனிப்பிள்ளையர் கத்தவில்லை. மாப்பிள்ளைத் தோழனாக இருந்த என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, இதைப் போய் அந்தப் பெரியம்மாவுட்டச் சொல்லும். கலியாணத்துக்கு வாற ஆக்களில ஒருத்தர் இப்பிடி விழுந்தாலும், என்ட பிள்ளையை நான் அனுப்ப மாட்டன். மேளக்காரன் வந்து நிண்டாலும் அனுப்ப மாட்டன்."

நான் வந்து சொன்னேன். யோசேப்பு கடலுக்குப் போகாமல் மூன்று நாள் வலையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். அவன் இசபெலை எவ்வளவு விரும்பினான் என்று அந்த மூன்று நாளில்தான் எனக்கு விளங்கியது. அல்பொன்சாக்காவுக்கு அது முதலே விளங்கியிருந்தது.

கலியாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அத்தாஉல்லா நானாவின் லொறியில் ஏறினோம். அன்று பின்னேரம் பெண் வீட்டில் வரவேற்பு, மறுநாள் காலை கோயிலில் கை பிடிப்பது என்று ஏற்பாடு. அல்பொன்சாக்கா முன் சீட்டில், சால்வையோடு. நாங்கள் பின்னால், நல்ல சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு. மதுரங்குளியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அவர் இறங்கிப் பின்னால் வந்து ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார்.

"கிளாஸ்?"

"பாதி" என்றோம்.

"மிச்சம்?"

"மிச்சம் கிளாசுக்குள்ள."

"மச்சான்?"

"ஓம் மச்சாள், பாதி" என்றார் இன்னாசித்தம்பியர். அவ்வளவு துக்கமான குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

அத்தாஉல்லா நானா தேத்தண்ணிக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "என்ன புள்ள இது? கலியாணத்துக்குப் போற லொறியா, மௌத்து வீட்டுக்குப் போற லொறியா? ஒருத்தரும் சிரிக்கிறீங்க இல்ல."

"நாளைக்குத் தாலி கட்டினாப் பிறகு சிரிப்பம் நானா" என்றார் அல்பொன்சாக்கா.

பெண் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் குருத்தோலை கட்டியிருந்தார்கள். நாங்கள் வாசலில் நின்று சப்பாத்து மாற்றிக்கொண்டதை அந்த வீட்டுப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கதிரைகளில் இருந்தோம். அன்ரனிப்பிள்ளையர் வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு, பெரிய ஒரு தட்டத்தில் கேக் துண்டுகளும் சின்னச் சின்னக் கிளாசுகளுமாகத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வேலைக்காரர் கையில் கொடுக்கவில்லை. கிளாசுகளில் கறுத்த சிவப்பு வைன்.

"கடையில வாங்கினது இல்ல. நிச்சயம் செய்த கிழமை நானே முந்திரிகை வத்தல் வாங்கி, ஜாடியில போட்டு, சீலை கட்டி வைச்சது. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் வாயில வைக்கக் குடுக்கல்ல" என்றார். சொல்லும்போது கண் கொஞ்சம் கலங்கியது போல இருந்தது. விருப்பமில்லாமல் ஒத்துக்கொண்ட மனுசன், அதே வாரத்தில் இந்த ஜாடியைக் கட்டியிருக்கிறார். அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் மண்டைக்குள் பொர்தோதான் இருந்தது.

குடித்தோம். நல்ல வைன், தொண்டையில் இனிப்பாக இறங்கியது. பாதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். ஒரு லொறி ஆட்கள், ஒரே அளவில், ஒரே மாதிரி. கிளாசை மேசைமேல் இருந்த தட்டத்தில் திருப்பி வைத்தோம். இன்னாசித்தம்பியர் தன்னுடையதை வைத்துவிட்டு, மேசையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் தவித்தார். ஒருவரும் விழவில்லை, ஒருவரும் அழவில்லை. அல்பொன்சாக்கா எங்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

அன்ரனிப்பிள்ளையர் தட்டத்தைப் பார்த்தார். ஒரு கிளாசை எடுத்து மணந்து பார்த்தார். மிச்சத்தைத் தானே வாயில் விட்டுப் பார்த்தார். பிறகு அடுத்த கிளாசைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். அவருடைய மனுசி பக்கத்தில் வந்து சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் கையை உதறினார்.

"புளிக்கல்ல. பழுதாகல்ல" என்றார். "அப்ப, ஏன்?"

நாங்கள் எங்கள் சப்பாத்து நுனியைப் பார்த்தோம்.

"இந்த வீட்டில ஊத்திக் குடுத்ததை ஆரும் மிச்சம் வைச்சதில்ல. பகையாளியா வந்தவனும் குடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் சண்டை பிடிச்சவன். நீங்க சொல்லிவைச்ச மாதிரி எல்லாரும் பாதியில வைச்சிருக்கிறீங்க. நான் பெத்த பிள்ளை நாளைக்கு உங்கட ஊரில உலை வைப்பாள். அவள் ஆக்கிப் போடுறதையும் இப்பிடித்தான் பாதியில தள்ளி வைப்பீங்களோ?" குரல் உடைந்துவிட்டது. "நாளைக்குக் கோயில் அலுவலை நாங்க பிறகு பாப்பம். லொறிக்காரர் இன்னும் போகல்லத்தானே?"

யோசேப்பு எழுந்து நின்றான். அவனுடைய முகத்தில் இரத்தமே இல்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் இசபெலின் சேலை தெரிந்தது. அவள் அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

இன்னாசித்தம்பியர்தான் முதலில் அசைந்தார். "அவ்வளவுதானே சம்பந்தி? இப்ப குடிச்சிடுறன், எல்லாத்தையும் நானே குடிச்சிடுறன்" என்று தட்டத்துக்குக் கையை நீட்டினார். உலகத்தில் அவ்வளவு மனப்பூர்வமாக உதவி செய்ய வந்தவரை நான் கண்டதில்லை.

"கையை எடுங்க மச்சான்" என்றார் அல்பொன்சாக்கா.

அவர் எழுந்தார். சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். எந்தக் கலியாணத்திலும் அவர் அதைக் கழற்றி நாங்கள் பார்த்ததில்லை.

"மூப்பரய்யா, பிழை இவங்கட இல்ல. நான் சொல்லிக் குடுத்தது. அண்டைக்கு மச்சான் விழுந்தார், நீங்க ஒரு சொல் சொன்னீங்க. ஒருத்தரும் விழக்கூடாது எண்டு நான் இவங்களைக் கட்டி வைச்சன். உங்கட கை வைன் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகாவது நிப்பாட்டி இருக்க வேணும், அதையும் செய்யல்ல. அந்தத் தட்டத்தை இஞ்ச தாங்க."

வாங்கி, திரும்பக் கதிரையில் இருந்து, மடியில் வைத்துக்கொண்டார். முதல் கிளாசை எடுத்து ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். பிரான்சிலிருந்து வந்த நாளிலிருந்து பூசையைத் தவிர வேறெங்கும் வைன் மணத்தைக்கூடக் கிட்ட விடாதவர். அந்தத் தட்டத்தில் எத்தனை இருந்தன என்று பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை, பயந்துபோய் இருந்தேன்.

பாதித் தட்டம் கவிழ்ந்த பிறகு அன்ரனிப்பிள்ளையருக்கே பொறுக்கவில்லை. "தங்கச்சி, போதும், காணும்" என்றார்.

"காணாது" என்றார் அல்பொன்சாக்கா. கன்னம் சிவந்திருந்தது. "கேளுங்க மூப்பரய்யா. நான் அந்த ஊரில இவங்களுக்குச் சொன்ன மாதிரி இருக்கல்ல. பிள்ளையளைப் பாக்கப் போனவ நான். கதிரைக்குப் பின்னால நிக்கப் போனவ. அண்டைக்கு அவங்கட வழக்கம், கலியாணத்துக்கு வந்த ஆக்கள் ஒருத்தரும் நிக்கக் கூடாதாம். என்னையும் மேசைக் கடைசியில இருத்தினாங்க. தோட்டக்காரக் கிழவன் ஒருத்தன் பின்னால வந்து நிண்டு எனக்கு வைன் ஊத்தினான்."

இன்னொரு கிளாசை எடுத்துக் குடித்துக் கவிழ்த்தார்.

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலிருந்து நான்தான் எல்லாருக்கும் ஊத்தினனான். அப்பாவுக்கு, அண்ணன்மாருக்கு, கொழும்பில துரைக்கு. எனக்கு ஒருத்தர் பின்னால நிண்டு ஊத்தித் தந்தது அண்டைக்குத்தான் முதல்தரம். அதை எப்பிடி மிச்சம் வைக்கிறது? குடிச்சன். அவன் திரும்ப ஊத்தினான். குடிச்சன். அவன் நினைச்சான் எனக்கு வைன் ஆசை எண்டு. எனக்கு வைன் ஆசை இல்ல மூப்பரய்யா."

"பிறகு?" என்று கேட்டார் அன்ரனிப்பிள்ளையர். மகளின் கலியாணத்தை நிறுத்த வந்த மனுசன், கதை கேட்கக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிறகென்ன? எழும்பி நிண்டு அம்பாப் பாட்டுப் பாடினன்."

வலை இழுக்கும்போது நாங்கள் கரையில் பாடுகிற பாட்டை அவர் அங்கே பிரெஞ்சுக்காரர் நடுவில் பாடியிருக்கிறார். அவர்கள் மேசையைத் தட்டிக் கூடவே பாடினார்களாம். துரைசாணி மட்டும் கப்பல் ஏறும்வரை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் பாதிக் கிளாஸ். இவ்வளவு காலம் எங்கள் ஊர் முழுவதும் கட்டிக் காத்த சட்டம்.

அன்ரனிப்பிள்ளையரின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டை இங்கே ஒருக்கால் பாடுங்க என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அல்பொன்சாக்கா எழுந்து முற்றத்து நடுவுக்கு வந்து நின்று, வலைக் கயிறு பிடிக்கிற மாதிரிக் கையைப் பிடித்து, முதல் அடியைப் பாடினார். நாங்கள் பதில் அடி கொடுத்தோம். இன்னாசித்தம்பியர் எல்லோரையும் விடச் சத்தமாகக் கொடுத்தார். பெண் வீட்டு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது அடியில் அல்பொன்சாக்கா கயிற்றைப் பின்னுக்கு இழுத்தார். கயிறு இல்லாததால் அவரே பின்னுக்குப் போனார். பின்னால் கதிரையும் இல்லை. முற்றத்து மணலில் பொத்தென்று இருந்தார்.

பாட்டு நின்றுவிட்டது. ஒருத்தர் விழுந்தாலும் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று மூப்பர் சொன்ன சொல் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தோம். யோசேப்பு கண்ணை மூடிக்கொண்டான்.

அன்ரனிப்பிள்ளையர் மணலில் இருந்தவரைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறீங்க? அவ விழல்ல" என்றார். "கால் உளைஞ்சு இருந்தவ. பிள்ளை, மாமிக்கு ஒரு பாய் கொண்டு வா."

உள்ளேயிருந்து இசபெல்தான் பாயோடு ஓடி வந்தாள். கலியாணத்துக்கு முன் மணப்பெண் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வரக் கூடாது என்பதை அவளும் மறந்துவிட்டாள், மற்றவர்களும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கோயிலில் அல்பொன்சாக்கா தலையிடியோடு, சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்றார். அன்றைக்கு மட்டும் அந்தச் சால்வைக்கு ஒரு பிரயோசனம் இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். யோசேப்பு தாலி கட்டியபோது மட்டும் சுளிக்கவில்லை. அழுதார், ஒளிக்காமல் அழுதார்.

கோயிலால் வந்து சாப்பாட்டுக்கு இருந்தோம். திரும்பவும் வைன் வந்தது. நாங்கள் எல்லோரும் பழக்கதோசத்தில் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு அல்பொன்சாக்காவின் முகத்தைப் பார்த்தோம். பாதியா, முழுதா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய கிளாசை யாருக்கும் தெரியாமல் மேசைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, வழக்கம் போல எழுந்து யாருக்கு என்ன குறை என்று பார்க்கப் புறப்பட்டார்.

யோசேப்பு மாப்பிள்ளைக் கதிரையை விட்டு எழுந்து வந்தான். புது வேட்டியும் கோட்டும் பூமாலையுமாக வந்து, அவருடைய தோளைப் பிடித்துத் திரும்பக் கதிரையில் இருத்தினான். கிளாசை எடுத்து மேசையில் வைத்தான். மாமனாரின் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டு, பெரியம்மாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்று, ஊற்றினான்.

"என்ன மகன் இது? நீ மாப்பிள்ளை. போய் இரு" என்றார் அல்பொன்சாக்கா, திரும்பிப் பார்க்காமல்.

"நீங்க குடியுங்க பெரியம்மா. நான் நிக்கிறன்."

அவர் கிளாசை இரண்டு கையாலும் எடுத்தார். தலையிடி இருந்தது, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகக் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.